கரன்ட் போனால் ஒரு வேட்டை!
குற்றாலத்து ராத்திரியில் குடும்பத்தோடு ஆட ஒரு தேடல் விளையாட்டு

ராத்திரி எட்டரை மணி. குற்றாலத்தில் சீசனுக்கு எடுத்த வாடகை வீடு. சாயங்காலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு, திரும்பும் வழியில் பிரானூர் பார்டர் புரோட்டாவையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்த பதினோரு பேர் உள்ளே இருக்கிறார்கள். கொடியில் ஈரத் துண்டுகள் தொங்குகின்றன. வெளியே சாரல். கூடத்தின் நாலு மூலையில் நாலு பிள்ளைகள், நாலு செல்போன்கள். மதுரையிலிருந்து வந்த அக்காவும் கோவையிலிருந்து வந்த தம்பியும் வருடம் முழுக்க "எப்ப பாப்போம்" என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டவர்கள். இப்போது பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பட்டென்று கரன்ட் போனது.

"ஐயோ, சார்ஜே இல்லையே!" என்று ஒரு குரல். "அம்மா, பயமா இருக்கு" என்று இன்னொரு குரல். அம்மாக்கள் மெழுகுவத்தியைத் தேட, ஆச்சி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"ஏ பிள்ளைகளா, கத்தாதீங்க. அடுப்பங்கரையில கல்லுப்பு எங்க இருக்குனு வெளக்கு இல்லாம போயி எடுத்துட்டு வாங்க பாப்போம். முதல்ல வர்ற ஆளுக்கு நாளைக்கு ரம்புட்டான்."

பத்து நிமிடம் கழித்து அடுப்பங்கரையில் ஒரே சிரிப்பு. ஒருத்தன் கல்லுப்பு என்று நினைத்துக் கற்கண்டை அள்ளிக்கொண்டு வந்திருந்தான். "அடுத்து என்ன ஆச்சி?" என்று அவனே கேட்டான். கல்லுப்புக்குப் பிறகு கடுகு, கடுகுக்குப் பிறகு தாத்தாவின் மூக்குக்கண்ணாடி என்று ஆட்டம் நீண்டது.

நடுவில் பத்து வயதுப் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். "ஆச்சி, நீங்க சின்னப் பிள்ளையில இருட்டுல இப்படி விளையாடுவீங்களா?"

"வெளையாடுவோம். நிலா காஞ்சா தெருவே எங்களுதுதான். பெரியவளானதுக்கு அப்புறம் கெடையாது. வெளக்கு வச்சாச்சுன்னா வாசப்படிதான் எல்லை. பயலுவ சத்தம் மட்டும் தெருவுலேர்ந்து கேக்கும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் பேத்தி அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

தேடுவது நமக்குப் புதிதா?

இந்த விளையாட்டுக்கு வெளிநாட்டில் 'ஸ்கேவெஞ்சர் ஹன்ட்' என்று பெயர். ஒரு பட்டியலைக் கொடுத்து, அதில் உள்ள பொருள்களைக் குறித்த நேரத்துக்குள் யார் அதிகமாகத் தேடிக் கண்டுபிடிக்கிறார்களோ அவர்கள் ஜெயித்ததாக வைப்பார்கள். துப்பு மேல் துப்பாகப் போய்க் கடைசியில் ஒரே ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது 'டிரெஷர் ஹன்ட்', அதாவது புதையல் வேட்டை. இரண்டையும் கலந்தும் ஆடலாம்.

1920, 30களில் பணக்கார வீட்டு விருந்துகளில் இதைப் பெரிய மோகமாக ஆக்கியவர் எல்சா மேக்ஸ்வெல் என்ற அமெரிக்கப் பெண்மணி. ராத்திரி விருந்துக்கு வந்தவர்கள் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் அலைவார்கள். 1936-ல் வந்த 'மை மேன் காட்ஃப்ரே' என்ற ஹாலிவுட் படம் இப்படியொரு ராத்திரி வேட்டையோடுதான் தொடங்குகிறது. அந்தப் பட்டியலில் ஓர் அயிட்டம், வேலையும் வீடும் இழந்து குப்பைமேட்டில் வாழும் ஒரு மனிதன்! பணக்கார வீட்டுப் பெண் அவனையும் 'பொருளாக' அழைத்துப் போகிறாள். படம் சிரிப்புப் படம்தான். ஆனாலும் அந்தக் காட்சி சுருக்கென்று தைக்கும். பட்டியல் எழுத உட்காரும் எல்லோரும் இந்தக் காட்சியை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அது ஏன் என்பது பின்னால் வரும்.

நம் பக்கத்துக்கு வருவோம். இன்றைய தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவிலில் 1902-ல் பிறந்தவர் தேவநேயப் பாவாணர். சொல்லாராய்ச்சிக்குப் பேர்போன அவர் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்றொரு புத்தகமும் எழுதியிருக்கிறார். அதில் சிறுவர் ஆட்டம், சிறுமியர் ஆட்டம், இருவரும் சேர்ந்து ஆடுவது என்று பிரித்து, அதற்குள்ளும் பகலாட்டு, இரவாட்டு, இருபொழுதாட்டு என்று வகைப்படுத்தியிருக்கிறார். ராத்திரி விளையாட்டுக்கென்று தனிப் பெயரும் தனி வரிசையும் வைக்கும் அளவுக்கு இருட்டு நம் பிள்ளைகளுக்குப் பழக்கமாக இருந்திருக்கிறது.

அதில் தேடல் ஆட்டமும் உண்டு. நிலா வெளிச்சத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஆளுக்கொரு பக்கம் போய் மண்ணைச் சின்னச் சின்னக் குவியலாக மறைவான இடங்களில் வைப்பார்கள். பிறகு ஒரு கட்சி வைத்ததை இன்னொரு கட்சி தேடி அழிக்க வேண்டும். கண்ணுக்குத் தப்பிய குவியல்களை எண்ணி வெற்றி தோல்வி சொல்வார்கள். உப்பு வைக்கிறது, நிலாக்குப்பல் என்று ஊருக்கு ஒரு பெயர். பைசா செலவில்லாத ஆட்டம்.

குற்றாலத்துக்கும் தேடல் புதிதல்ல. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் தன் சிங்கியைக் காணாமல் ஊர் ஊராகத் தேடி அலைகிறான். கண்டுபிடித்ததும், அவள் உடம்பில் புதிதாக ஏறியிருக்கும் நகை ஒவ்வொன்றையும் காட்டி, "இது என்ன, அது என்ன" என்று கேட்கிறான். காட்டிக் காட்டிக் கேட்கும் அந்தச் சுவைதான் தேடல் வேட்டையின் உயிரும்.

முதலில் எல்லைக்கோடு

ஆட்டத்துக்கு முன்னால் பெரியவர்கள் ஒரு கோடு கிழித்துவிட வேண்டும். குற்றாலத்தில் அந்தக் கோடு ரொம்ப முக்கியம்.

அருவிக்கரையும் ஓடையும் ஆட்டக்களம் அல்ல. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். அது பகல் நேரம். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீர் வந்த பிறகுதான் தெரியும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் போலீஸார் குளிக்கத் தடை போடுவது இதனால்தான். பகலிலேயே இப்படி என்றால், இருட்டில் "அருவிக்குப் பக்கத்துல இருக்கிற கூழாங்கல்லை எடுத்துட்டு வா" என்று ஒரு பிள்ளையை அனுப்புவது விளையாட்டே அல்ல. செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் போகிற காட்டுப் பாதைகளும் அப்படித்தான். அது வனத்துறையின் இடம், விலங்குகளின் வீடு.

அடுத்தது பாம்பு. மழைக்காலத்தில் வீட்டுப் பக்கம் வருவது அதற்கு வழக்கம். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். ஆகவே எதையும் விறகுக் குவியலில், கல் இடுக்கில், செருப்புக்குள், பூந்தொட்டிக்கு அடியில் ஒளித்து வைக்கக் கூடாது. 'கையை விட்டு எடுக்கிற' இடம் எதுவும் பட்டியலில் வேண்டாம். வெளியே போனால் மூடிய ஷூ, கையில் டார்ச். அப்படியும் எதுவும் கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் கூடவே கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது எல்லை, மனிதர்கள். அருவியில் குளிக்கிறவர்களை, அதுவும் பெண்களை, போட்டோ எடுக்கும் எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது. எண்ணெய் மசாஜ் செய்கிறவர், ராத்திரியில் தெருக் கூட்டுகிறவர், தூங்கி வழியும் கடைக்காரர், இவர்களில் யாரும் 'அயிட்டம்' இல்லை. அந்தப் படத்தின் குப்பைமேட்டு மனிதனை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். அவர்களிடம் போய்ப் பிள்ளைகள் ஏதாவது கேட்க வேண்டும் என்றால், பத்து ரூபாய்க்காவது வியாபாரம் பண்ணிவிட்டுக் கேட்கட்டும். வணக்கம் சொல்லிவிட்டுக் கேட்கட்டும்.

வேட்டை 1: வீட்டுக்குள்ளே, கண் இல்லாமல்

சாரல் விடாமல் பெய்கிற ராத்திரிக்கு ஏற்றது. எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு மூக்கும் காதும் கையும் வைத்து மட்டும் தேட வேண்டும். முதலில் அடுப்பு, கத்தி, அரிவாள்மணை, கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிடுங்கள்.

மூக்குக்கு: பெருங்காய டப்பா, விபூதிப் பை, காப்பித்தூள், அத்தையின் தலைக்கு வைத்த மல்லிகை. காதுக்கு: டிக் டிக் என்று ஓடும் கடிகாரத்தைத் துணியில் சுற்றி வைத்தால் எந்த அறையில் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. கைக்கு: பத்து ரூபாய் நாணயத்தையும் ஐந்து ரூபாய் நாணயத்தையும் தடவிப் பார்த்தே பிரிக்க வேண்டும்.

பெரிய பிள்ளைகளுக்கு விடுகதையாகத் துப்புக் கொடுக்கலாம். அரை மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் எழுதிவிடலாம். மாதிரிக்குச் சில:

'கடித்தால் பல் உடையும், கரைத்தால் கடல் ருசிக்கும்' (கல்லுப்பு).
'இரண்டு கல் சண்டை, இடையில் சிக்கியவன் சட்னி' (அம்மி).
'தினம் ஒரு சட்டை கழற்றுவான், வருஷக் கடைசியில் அட்டையாய் நிற்பான்' (நாள்காட்டி).
'ஊரெல்லாம் சுமந்து வந்தவன், வாசலோடு நின்றுவிட்டான்' (செருப்பு).

துப்பு எழுதும் வேலையைத் தாத்தாவிடம் கொடுத்துப் பாருங்கள். மத்தியானத் தூக்கத்தைக்கூட மறந்து எழுதுவார்.

வேட்டை 2: மாடியில் டார்ச்சோடு

இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தடவை செல்போன் திரையைப் பார்த்துவிட்டால் பழகிய கண் பாழ். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் இந்தத் தொல்லை குறையும்.

கண் பழகியதும் ஒரு வேடிக்கை காட்டலாம். ஒரே அளவுள்ள சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் காகிதத் துண்டுகளை மாடியில் பரப்பிவிட்டு, "சிவப்பை மட்டும் எடுத்துட்டு வா" என்று சொல்லுங்கள். மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு கறுத்துப்போகும், நீலமும் பச்சையும் சற்று வெளுத்துத் தெரியும். இருட்டில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. பிள்ளைகள் கையில் அள்ளி வந்ததை லைட் போட்டுப் பார்க்கும்போது எழும் கூச்சலுக்கு இணை இல்லை.

டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், புருவத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு புல்தரையைப் பார்த்தால் சின்னச் சின்னப் பொறியாக எதுவோ மினுங்கும். அவற்றில் பல, ஓடியாடி இரை பிடிக்கும் சிலந்திகளின் கண்கள். எத்தனை ஜோடிப் பொறி என்று எண்ணலாம். தொடக் கூடாது.

புற ஊதா டார்ச் இருந்தால் இன்னும் சுவாரஸ்யம். ரூபாய் நோட்டின் வரிசை எண் ஒளிரும். தேங்காய் எண்ணெயில் குழைத்த மஞ்சள் பச்சையும் மஞ்சளுமாக மின்னும். தேள்கூட அந்த வெளிச்சத்தில் நீலப்பச்சையாக ஒளிரும். அதனால் தோட்டத்தில் கால் வைக்குமுன் பார்த்துக்கொள்ளவும் இந்த டார்ச் உதவும். ஆனால் அந்த வெளிச்சத்தை யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது. டார்ச் பெரியவர் கையிலேயே இருக்கட்டும்.

வேட்டை 3: வெள்ளை வேட்டி விருந்து

தாத்தாவின் பழைய வெள்ளை வேட்டியை மாடிக் கொடியில் விரித்து, அதற்கு முன்னால் ஒரு பல்பை எரியவிட்டால் போதும். அரை மணி நேரத்தில் விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரம் என்பதால் அந்துப்பூச்சிக்குப் பஞ்சமே இல்லை. 2012 முதல் ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் 'தேசிய அந்துப்பூச்சி வாரம்' என்று உலகம் முழுக்கப் பல நாடுகளில் இப்படித்தான் துணி கட்டிப் பூச்சிகளைக் கணக்கெடுக்கிறார்கள். அது குற்றாலத்தின் சீசன் நேரமும்கூட.

பட்டியல் இப்படி இருக்கலாம்: காய்ந்த இலை மாதிரி இருப்பது ஒன்று, இறக்கையில் கண் வரைந்தது ஒன்று, விரல் நகத்தைவிடச் சின்னது ஒன்று, உள்ளங்கை அகலம் உள்ளது ஒன்று. பிடிக்க வேண்டாம். பேப்பரில் வரைந்தால் மார்க். ஆட்டம் முடிந்ததும் பல்பை மறக்காமல் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பாவம், விடிய விடிய அங்கேயே சுற்றும்.

வேட்டை 4: தென்காசிக் கோயிலில், நடை சாத்துவதற்குள்

குற்றாலத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் தென்காசி காசிவிஸ்வநாதர் கோயில். பராக்கிரம பாண்டியன் 15-ம் நூற்றாண்டில் கட்டியது. சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு போனால், ஒன்பது நிலைக் கோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஆட்டத்தைத் தொடங்கலாம். சுமார் 180 அடி உயரம்.

முதல் கேள்வி: வாசலில் காற்று எந்தப் பக்கமிருந்து தள்ளுகிறது? பொதிகைக் காற்று இந்த வாசலில் ஆளையே தள்ளுவது ஊரறிந்த விஷயம். ஒரு பூவிதழைக் கையில் வைத்து விட்டுப் பார்த்தே பிள்ளைகள் விடை சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது, மண்டபத்துத் தூண் சிற்பங்கள். கரும்பு வில்லோடு நிற்கும் மன்மதன் எங்கே? ரதி எங்கே? வீரபத்திரர் எங்கே? ஒவ்வொருவர் கையிலும் என்ன இருக்கிறது? ஓடக் கூடாது, கத்தக் கூடாது, சிற்பத்தைத் தொடக் கூடாது, சாமி கும்பிட வந்தவர்களுக்கு வழி மறிக்கக் கூடாது. கண்ணால் தேடி, காதோடு வந்து சொல்ல வேண்டும்.

கடைசிக் கேள்வி பெரிய பிள்ளைகளுக்கு: இந்தக் கோபுரத்தின் வயது என்ன? இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய கோபுரம் 1924-ல் தீக்கு இரையாகிப் பல பத்தாண்டுகள் மொட்டையாக நின்றது. ஊர் கூடிக் கட்டி, 1990-ல் குடமுழுக்கு நடத்திய கோபுரம்தான் இன்று நிற்பது. கோயிலைக் கட்டிய ராஜாவோ, பின்னாளில் இதைப் பழுதுபார்த்துக் காக்கிறவர்களின் காலில் தான் விழுந்து வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். "ராஜா எதுக்கு நம்ம கால்ல விழணும்?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்குத் தனியாகப் பத்து மார்க் போடலாம்.

வேட்டை 5: கடைத்தெருவில் நூறு ரூபாய்

சீசன் ராத்திரியில் குற்றாலம் கடைத்தெரு ஜேஜே என்றிருக்கும். டீமுக்கு நூறு ரூபாய், ஒரு பெரியவர், அரை மணி நேரம். கொண்டுவர வேண்டியவை: ஊரில் கிடைக்காத பழம் ஒன்று, அதன் பெயரும் விலையும் கேட்டு எழுதியது, சூடு ஆறாத நேந்திரம் சிப்ஸ் கொஞ்சம், இதுவரை முகர்ந்தே பார்த்திராத மூலிகையோ வாசனைப் பொருளோ ஒன்று, அது எதற்கு ஆகும் என்ற தகவலோடு. மங்குஸ்தான் வாங்கியவர்களுக்கு ஒரு போனஸ் கேள்வி: பழத்தின் அடியில் பூ மாதிரி இருக்கும் இதழ்களை எண்ணிவிட்டு, உடைத்து உள்ளே எத்தனை சுளை என்று பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும்!

மீதிச் சில்லறைக்குக் கணக்குக் காட்டும் டீமுக்கு மார்க் கூடுதல். இதனாலேயே கணக்கில் வீக்கான பிள்ளைகூடச் சுறுசுறுப்பாகிவிடும்.

வேட்டை 6: வானம் வெளுத்தால்

சாரல் விட்டு மேகம் விலகும் ராத்திரி குற்றாலத்தில் அபூர்வம். கிடைத்தால் விடக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் சாப்பாட்டுக்குப் பிறகு தெற்கே பார்த்தால் கொக்கி போட்ட தேள் வடிவம் தெரியும். அதன் நடுவில் சிவப்பாக மினுங்குவது கேட்டை. வாலில் இருப்பது மூலம். வடமேற்கில் சப்தரிஷி. அதன் வால் நுனிக்கு முந்தின நட்சத்திரத்தின் மடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் புள்ளிதான் கல்யாணத்தில் காட்டும் அருந்ததி. "கல்யாணத்தன்னிக்கு நெஜமாவே பாத்தீங்களா?" என்று அப்பா அம்மாவைக் கேட்டு உண்மையான பதிலை வாங்கி வருவதும் பட்டியலில் ஓர் அயிட்டம்! வீட்டில் உள்ளவர்களின் ஜென்ம நட்சத்திரங்களில் எத்தனை இப்போது வானத்தில் இருக்கின்றன என்று தேடுவது இன்னொன்று. மங்கலான நட்சத்திரத்தை நேராக முறைக்காமல் கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

டீம் பிரிப்பது எப்படி?

வயதில் மூத்தவர் ஒருவர், நண்டு சிண்டு ஒன்று, நடு வயசு ஒன்று என்று கலந்து பிரிக்க வேண்டும். ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒரே டீமில் வேண்டாம். டார்ச் சின்னவர் கையில், பட்டியல் பெரியவர் கையில். அப்போது ஒருவரை விட்டு ஒருவர் ஓட முடியாது. டீமுக்கு ஒரே செல்போன். அதுவும் ஏரோபிளேன் மோடில், போட்டோவுக்கு மட்டும். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆட்டத்தை நீட்டக் கூடாது. பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. பக்கத்து வீட்டிலும் குழந்தைகள் தூங்கும்.

இருட்டென்றால் பயப்படும் பிள்ளையை "ஆம்பளைப் பையன் பயப்படலாமா?" என்று ஏளனம் செய்வதும், பின்னாலிருந்து 'பே' என்று கத்துவதும் மாபெரும் தவறு. அந்தப் பிள்ளைக்கு ஒளித்து வைக்கும் வேலையைக் கொடுங்கள். இருட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்கு இருட்டின் மேல் பயம் தானாகக் குறையும். ஒளித்து வைத்தவன் அடுத்த ரவுண்டில் தேடவும் வருவான்.

பெண் பிள்ளைகளை வீட்டுக்குள் தேடச் சொல்லிவிட்டு, ஆண் பிள்ளைகளை மட்டும் மாடிக்கும் தெருமுனைக்கும் அனுப்பாதீர்கள். ராத்திரி என்றால் ஆபத்து என்று மட்டுமே கேட்டு வளரும் பெண் பிள்ளைக்கு, ராத்திரியில் நட்சத்திரமும் பூவாசனையும் உண்டு என்று காட்டித்தர அப்பா, சித்தப்பா, மாமாவைவிடப் பொருத்தமான துணை யார்?

வெட்டி வைத்துக்கொள்ள ஒரு பட்டியல்

1. ராத்திரியில் மட்டும் வாசம் வீசும் பூ ஒன்று எங்கே இருக்கிறது?
2. மூன்று விதமான தவளைச் சத்தம். வாயால் செய்து காட்ட வேண்டும்.
3. காய்ந்த தீக்குச்சி ஒன்று. சாரல் நாளில் இது சுலபமில்லை!
4. வீட்டிலேயே வயசான பொருள்.
5. 2000-ம் ஆண்டுக்கு முன் அடித்த நாணயம்.
6. பல்லிகள் எத்தனை? ஒவ்வொன்றும் எந்தச் சுவரில்?
7. அருவிச் சத்தம் கேட்கிறதா? எந்தத் திசையில்?
8. இன்றைக்கு நிலா எப்போது உதிக்கும்? நாள்காட்டியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.
9. இருட்டில் தானாக ஒளிரும் பொருள்.
10. வீட்டில் யாருக்கும் இதுவரை சொல்லாத ஒரு சின்ன வயசுக் கதை. பெரியவர் ஒருவரிடமிருந்து வாங்கி வர வேண்டும்.

பத்தாவதற்குத்தான் அதிக மார்க். அதை இருட்டில் கேட்டால்தான் கிடைக்கும். வெளிச்சத்தில் "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று நழுவும் தாத்தாக்கள்கூட, முகம் தெரியாத இருட்டில் மனம்விட்டுப் பேசிவிடுவார்கள்.

அந்தக் குற்றாலத்து வீட்டில் அடுத்த நாள் ராத்திரி கரன்ட் போகவில்லை. பிள்ளைகளே மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார்கள். இரண்டு டீம் பிரித்தாகிவிட்டது. ஆச்சி வழக்கம்போல நடுவர் நாற்காலிக்குப் போகப் பார்த்தார்.

"ஆச்சி, நீங்க எங்க டீம்" என்றாள் பத்து வயதுப் பேத்தி. "முதல் துப்பு கேட்டுக்கு வெளியில, நாலாவது வீட்டுப் பவழமல்லி மரத்துக்கிட்ட இருக்காம். செருப்பைப் போட்டுக்கோங்க."

"இந்நேரத்துல நான் எங்கட்டி வெளிய வர்றது?"

"நான் டார்ச் பிடிக்கேன், வாங்க."

பின்னால் மகன் ஒருத்தர் குடையோடு நடக்க, பேத்தி முன்னால் டார்ச் அடிக்க, ஆச்சி வாசப்படியில் ஒரு நொடி நின்றார். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். அந்த டீம் அன்று தோற்றுப்போனது. திரும்பி வர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்களாம்.